ராமா செல்லப்பா

ராமா செல்லப்பா என்பவர் கணினிப் பார்வை, படிமச் செயலாக்கம், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளில் ஆய்வு செய்துவரும் இந்திய-அமெரிக்க மின்பொறியியல் அறிஞர் ஆவார். ஒளிப்படங்களில் உள்ள முகங்களைக் கணினி அடையாளம் காணும் முறைகளுக்காக இவர் பரவலாக அறியப்படுகிறார்.

கல்வியும் பணியும்

1975 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பொறியியல் பட்டமும், 1977 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1981 இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகள் பணியாற்றியபின், 1991 இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணினிப் பார்வைத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான அசுரியல் ரோசன்பெல்டு அங்கு இருந்தார். 2020 இல் ஜான்சு ஹாப்கின்சு பல்கலைக்கழகத்திற்கு மாறினார்.

ஆய்வுகள்

தொடக்கத்தில் ரங்கசாமி காசியப்புடன் இணைந்து, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அதன் அண்டைப் புள்ளிகளைச் சார்ந்திருப்பதைப் புள்ளியியல் மாதிரிகளால் விளக்கினார். புல்வெளி, மணல், துணி போன்றவற்றின் மேற்பரப்புத் தோற்றத்தைக் கணினி பிரித்தறிய இவை உதவின.

1988 இல் ராபர்ட்டு பிராங்காட்டும் இவரும் வெளியிட்ட முறை இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. நிழலையும் ஒளியையும் கொண்டு ஒரு பரப்பின் சரிவுகளைக் கணக்கிடும்போது அவை ஒன்றோடொன்று முரண்படுவதுண்டு. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறி, எவ்வழியாக இறங்கினாலும், புறப்பட்ட இடத்தை அடையும்போது ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமமாதல் வேண்டும். கணக்கிட்ட சரிவுகள் இவ்விதிக்கு உட்படாவிடின் அத்தகைய மலை இருக்கவே முடியாது. எனவே விதிக்கு உட்பட்டவற்றுள் மிக நெருங்கிய பரப்பை பூரியே உருமாற்றம் மூலம் இம்முறை தேர்ந்தெடுக்கிறது. முக அறிதல் ஆய்வுகளே புகழ் தந்தாலும், இவருடைய பணிகளுள் இதுவே மிக நேர்த்தியானது எனலாம்.

முக அறிதலும் நம்பகமும்

முக அறிதல் குறித்து 1995, 2003 ஆம் ஆண்டுகளில் பிறருடன் இணைந்து இவர் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரைகள், இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டின.

2018 இல் வெளியான ஓர் ஆய்விலும் இவர் பங்கேற்றார். இரு படங்களில் இருப்பவர் ஒருவரே தானா என்று தடயவியல் வல்லுநர்களும் நிரல்களும் தனித்தனியே தீர்மானித்தனர். இரு வல்லுநர்களின் முடிவுகளை இணைத்ததைவிட, ஒரு வல்லுநரின் முடிவையும் சிறந்த நிரலின் முடிவையும் இணைத்ததே துல்லியமாக இருந்தது. நிரலின் முடிவை மட்டும் நம்புவதன் தீங்கு விரைவில் வெளிப்பட்டது: 2020 இல் டெட்ராயிட்டில், வேறொரு மென்பொருளின் தவறான பொருத்தத்தை அடுத்துக் குற்றமற்ற ஒருவர் கைதானார்.

செயற்கை நுண்ணறிவை நம்பலாமா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட நூலை, இதழாளர் எரிக்கு நைலருடன் இணைந்து 2022 இல் வெளியிட்டார். 2023 இல் அமெரிக்காவின் தேசியப் பொறியியல் கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.