மதிப்பெண் ஏடு காணாத மலைச்சிறுவன்

ஒவ்வோராண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு கனத்த மௌனம் குடிகொள்கிறது. ஆங்கிலத் தாளில் எண் குறைந்தால் அம்மௌனம் இன்னும் கனக்கிறது. துணைநூலிலிருந்து மனப்பாடம் செய்த கட்டுரையைப் பிழையின்றி எழுதியும் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பிள்ளை கலங்குகிறது. பெற்றோரோ அண்டை வீட்டுப் பிள்ளையின் எண்ணைக் கேட்டறிகின்றனர்.

மாநிலத் தரவரிசையில் இடம்பெறும் மாணவர்களால் பெயர்பெற்றது நாமக்கல் மாவட்டம். தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. நாமோ அந்த மோகத்தை இன்னும் கைவிடவில்லை. அதே மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே நிற்கும் கொல்லிமலை நமக்கு வேறொரு வரலாற்றைக் கூறுகிறது.

பாப்டிஸ்ட் சபை நற்செய்திப் பணியாளரான ஜெஸி பிராண்ட், தம் துணைவியார் ஈவ்லினுடன் 1913-இல் அம்மலையில் குடியேறினார். 1914-இல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால், தாயிடம் எழுத்தும் தந்தையிடம் இயற்கையும் கற்றான். மரமேறுதலும் பூச்சிகளை உற்றுநோக்குதலும் அவனுக்குப் பாடங்களாயின. 1923-இல் படிப்புக்காக அவனும் தங்கையும் இலண்டனில் உறவினரிடம் விடப்பட்டனர். வகுப்பறை அவன் மனத்தைக் கவரவில்லை.

மலையிலிருந்து தந்தையின் கடிதங்கள் மட்டும் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. தாம் கண்ட காட்டையும் மலைமுகட்டையும் அவர் மகனுக்கு எழுதினார். 1929 ஜூன் திங்களில் கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுசென்றது. மரணச் செய்தி தந்தியில் விரைந்து வந்தது; அவர் முன்னரே எழுதியிருந்த கடிதங்களோ அதன் பின்னரும் வந்துசேர்ந்தன. மதிப்பெண் இடப்படாத அக்கட்டுரைகள், உற்றுநோக்கும் பழக்கத்தை மகனிடம் காத்து வளர்த்தன என்றே நாம் கருதுகிறோம்.

பதினாறு வயதில் பள்ளியை விட்ட பால், கட்டட வேலை பயின்றார். தச்சும் கொத்தும் அவர் கைகளுக்குப் பழகின. பின்னரே மருத்துவம் கற்றார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947-இல் செங்கற்பட்டில் ஒரு தொழுநோயாளியின் மடங்கிய கையைப் பற்றியபோது, அதன் பிடியிலிருந்த வலிமையைக் கண்டு வியந்தார். அந்த வலிமை, சில தசைகள் இன்னும் நலமாயுள்ளன என்பதை அவருக்கு உணர்த்தியது. நலமான தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தி, விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். குணமானோர் பிழைக்க வழிவேண்டுமே! நவஜீவ நிலையத்தில் அவர்கள் கைத்தொழில் கற்றனர். இளமையில் பயின்ற தச்சு அங்கே பயன் தந்தது.

தேர்வை இகழ்வதற்கு இவ்வரலாறு துணைபோகாது. மருத்துவராவதற்குப் பால் பிராண்டும் கடுந்தேர்வுகளைக் கடந்தார். ஆனால், ஒரு பருவத்தின் முடிவை வாழ்நாளின் முடிவாகக் கொள்ளலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

திருத்திய விடைத்தாளுடன் பிள்ளை வீடு திரும்பும்போது, நாம் முதலில் எண்ணைத் தேடுகிறோமா, எழுத்தைப் படிக்கிறோமா? 'எவ்வளவு வாங்கினாய்?' என்று கேட்குமுன், 'என்ன எழுதினாய்? நீயே கண்டது இதில் எது?' என்று கேட்டுப் பார்ப்போம். அக்கேள்விக்கு விடைகூறப் பழகும் பிள்ளை, குறைந்த எண்ணையும் அஞ்சாது எதிர்கொள்ளும்.