தாய்வழி வந்த பசுமை

அச்சரப்பாக்கம் பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் மாலை வேளையில் மலரும் அந்திமந்தாரையை அறியாதவர் இலர். இதில் ஒரு வகையில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, இரண்டும் கலந்த கிளை மூன்றும் ஒரே செடியில் காணப்படும். ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் காரன்ஸ் இவற்றைக் கலந்து பார்த்து, 1909இல் ஒரு விந்தையான முடிவை வெளியிட்டார். வெள்ளைக் கிளைப் பூவில் எந்தக் கிளையின் மகரந்தத்தைத் தூவினாலும் முளைத்த நாற்றுகள் வெள்ளையே. உணவு தயாரிக்க இயலாமல் அவை மடிந்தன. பச்சைக் கிளைப் பூவின் வித்துகளோ பச்சை நாற்றுகளையே தந்தன. தந்தைக்கு இதில் பங்கே இல்லை! மெண்டலின் விதிகளை உலகுக்கு மீட்டுத் தந்தவர்களுள் ஒருவரான காரன்ஸே அவற்றுக்கு அடங்காத ஒன்றைக் கண்டது வேடிக்கைதான்.

இலைக்குப் பசுமை தரும் பசுங்கணிகங்கள் அந்திமந்தாரையில் சூல்முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. அப்படியானால் அவற்றுக்குள் தனி மரபுப்பொருள் இருக்க வேண்டுமல்லவா? 1963இல் ரூத் சேகரும் இஷிடாவும் கிளாமிடோமோனாஸ் என்னும் பாசியின் பசுங்கணிகத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தனர்.

அது செய்யும் வேலை என்ன? விடை புகையிலையிலிருந்து வந்தது. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையில் செலுத்தும் புரதம் ருபிஸ்கோ. (1979இல் ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயரை நினைவூட்டும்படி விளையாட்டாக வைத்த பெயர், நிலைத்துவிட்டது.) இதில் பெரிய துண்டுகள் எட்டு, சிறியவை எட்டு. கலிபோர்னியாவில் சாம் வைல்டுமன் குழுவினர் புகையிலை இனங்களைக் கலந்து சோதித்தனர். பெரிய துண்டின் அமைப்பு தாய்வழி மட்டுமே வந்தது. சிறியது இருவழியும் வந்தது. 1972இல் வெளியான இம்முடிவுகளின் பொருள் தெளிவு: பெரியதற்கான ஜீன் பசுங்கணிகத்தில், சிறியதற்கானது உட்கருவில். சிறிய துண்டு வெளியே உருவாகி, பசுங்கணிகத்தின் உறைகளைக் கடந்து உள்ளே சென்று பெரியதுடன் பொருந்துகிறது.

1986இல் புகையிலை, 1989இல் நெல் ஆகியவற்றின் பசுங்கணிக டி.என்.ஏ. முழுவதையும் ஜப்பானியர் படித்தனர். நெல்லில் அதன் நீளம் 1,34,525 கார இணைகள். ஜீன்கள் ஏறத்தாழ நூறுதான். பசுங்கணிகத்துக்கு வேண்டிய புரதங்களோ ஆயிரக்கணக்கில்! மிகுதியை உட்கருவே அனுப்புகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஹென்றி டேனியல், அமெரிக்காவில் தம் குழுவினருடன் களைக்கொல்லியைத் தாங்கும் ஜீனைப் புகையிலையின் பசுங்கணிகத்தில் புகுத்தி 1998இல் வெளியிட்டார். மகரந்தம் காற்றில் பறந்து அந்த ஜீனை அயலிலுள்ள களைகளுக்குக் கொண்டு சேர்க்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் எல்லாச் செடிகளிலும் இது செல்லாது. காரன்ஸ் எழுதிய அதே 1909இல் எர்வின் பவர் என்பவர், தோட்டங்களில் வளர்க்கும் பெலார்கோனியச் செடியில் பசுங்கணிகம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவதைக் காட்டியிருந்தார்.