கற்பூரத்தின் பிள்ளை

கோயிலில் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பலருக்கு, அதே கற்பூரத்தின் பிள்ளை ஒன்று தங்கள் கடைவாய்ப் பல்லுக்குள் இருப்பது தெரியாது. சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல் நிறத்தில் ஒரு பசையை அடைத்து நீல விளக்கைக் காட்டுகிறாரே பல் டாக்டர், அந்தப் பசையை இறுகத் தூண்டுவது கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் பொருள். கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம் செய்தால் கிடைப்பது அது.

விளக்கைவிடப் பசைதான் மூத்தது. 1955-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனோகோர், எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். பிசினில் சிலிக்காத் தூளைக் குழைத்து உறுதியாக்கிய ரஃபேல் போவனுக்கு 1962-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அன்று இரண்டு பசைகளைக் கலக்க வேண்டும். கலந்ததுமே இறுகத் தொடங்கிவிடும். பல்லுக்கு வடிவம் கொடுக்க நேரம் போதாது. பிறகு வந்த புறஊதா விளக்கு அந்த அவசரத்தைப் போக்கியது. அதன் ஒளியோ ஆழத்துக்கு இறங்கவில்லை, கண்ணுக்கும் கெடுதல்.

1976 பிப்ரவரி 24. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பல் மருத்துவர் முகமது பஸ்ஸியூனி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இறுகும் அடைப்பை முதன்முதலாக ஒருவர் வாயில் வைத்தார். வாயைத் திறந்து காட்டியவர், ஐசிஐ நிறுவனத்தில் பல்பொருள் ஆய்வை நடத்திவந்த ஜான் யர்ன். தன் குழு ஆக்கிய பொருளுக்குத் தன் பல்லையே கொடுத்த அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கேம்ஃபர்குவினோன் 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். ஒளி பட்டதும் பக்கத்திலிருக்கும் அமீன் வகைச் சேர்மத்தோடு சேர்ந்து வினையைத் தொடங்கிவைக்க, பிசின் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகின்றன. நன்றாக இறுகியதிலும் பாதி முதல் முக்கால் பங்கு பிணைப்புகளே மாறியிருக்கும்.

ஒளி போகப் போக மங்கும். அதனால்தான் வழக்கமான பசையை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்குக் காட்டுகிறார்கள். அடர்நிறப் பசை ஒளியை விழுங்கும். விளக்கு முனை தள்ளியிருந்தாலோ சாய்ந்தாலோ, அதில் பழைய பசை ஒட்டியிருந்தாலோ அடிக்குப் போய்ச் சேரும் ஒளி குறைந்துவிடும். கொடுமை என்னவென்றால், மேல்பகுதி கல்போல இருக்கும். கருவியால் தட்டினாலும் அடியிலுள்ள மென்மை தெரியாது. பிறகு அங்கேதான் இடைவெளி விழும். சொத்தை திரும்பி வரும்.

பசை சரியாக இறுகாததற்குக் குளிரும் ஒரு காரணம். ஏற்காட்டில், கிளியூர் அருவிப் பக்கம், மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பசையும் அப்படித்தான்: மூலக்கூறுகள் நகரத் திணறும், இறுக்கம் குறையும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே அதை எடுக்க வேண்டும்.

பல்வலிக்கு நம் வீடுகளில் வைக்கும் கிராம்புத் தைலமும் இங்கே குறுக்கே நிற்கிறது. அதிலுள்ள யூஜெனால் அந்தச் சங்கிலியை அறுத்துவிடும். காலையில் தைலம் வைத்துவிட்டு வந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

டாக்டர் அணியும் ஆரஞ்சுக் கண்ணாடியையும் கவனியுங்கள். நீல ஒளியை அது தடுப்பதால்தான் அவர் முகத்தைத் திருப்பாமல் விளக்கு முனையையே பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. பார்வை விலகினால் கை நழுவும். 20 விநாடியில் 5 விநாடி ஈறுக்குப் போனால், அந்த ஒளி பல்லுக்குக் கிடைக்காது.