யோப்பாவின் சீமோனும் நம் பாலாறும்

காட்பாடியிலிருந்து வேலூர் நகருக்குச் செல்வோர் பாலாற்றைக் கடந்தே செல்லவேண்டும். ஆண்டின் பெரும்பகுதியில் பாலத்தின் கீழே நாம் காண்பது மணல் திட்டும் முட்புதரும் சாக்கடை ஓடையுமே. 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு வெள்ளம் பாய்ந்தபோது, மக்கள் கூட்டம் கூட்டமாய்க் கரையில் நின்று அதைக் கண்டு வியந்தனர். ஆற்றில் நீர் ஓடுவதே அதிசயமாகிவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம். இந்த ஆற்றுக்குக் காவலர் யார் என்ற வினாவை வரலாற்றின் துணையோடு எழுப்பிப் பார்ப்பது நம் கடமை.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு 348 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் 93 கிலோமீட்டர் கர்நாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழகத்திலும் அமைந்துள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் எனப் பல ஊர்களைத் தொட்டுச் சென்று வங்கக் கடலில் கலக்கிறது. மேலே வறண்டிருந்தாலும் மணலுக்கடியில் நீரைப் பொதிந்து வைத்திருப்பது இவ்வாற்றின் இயல்பு. ஆற்றுமணலில் ஊற்றுக்கால்களை வெட்டி, அந்நீரை வயலுக்கும் ஏரிக்கும் திருப்பிக்கொண்டனர் நம் முன்னோர். ஆண்டுதோறும் ஊரார் கூடித் தூர்வாரினால்தான் ஊற்றுக்கால் உயிரோடிருக்கும். ஆகவே நீர் என்பது ஊர் கூடிச் செய்யும் வேலையாக இருந்தது.

இதற்குக் கல்வெட்டுச் சான்றே உண்டு. பாலாற்றின் கிளையாறான செய்யாற்றுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் இடம்பெற முடியாது என்ற விதியும் அதில் உண்டு. நிலமுடையோர் மட்டுமே அமர்ந்த அவை அது. பெண்களுக்கும், வயலில் உழைத்தோருக்கும் அங்கே இடமில்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. எனினும், நீரைக் காப்பவர் ஊருக்குக் கணக்குக் காட்டக் கடன்பட்டவர் என்ற அறம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படுகையில் எழுதப்பட்டது என்பது நம் நெஞ்சில் பதியவேண்டிய செய்தி.

கசந்த கிணறுகள்

தோல் தொழிலும் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலைப் பதனிட்டுக் கடல்கடந்து அனுப்பினர். பாலாற்றங்கரையின் நீரும், வணிகக் குடும்பங்களின் முயற்சியும், ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பும் சேர்ந்து வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உலகச் சந்தையில் நிறுத்தின. அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக்கிய தோலையும் காலணிகளையும் அனுப்பினால் நாட்டிற்கு வருவாய் பெருகும் என்று 1970களில் நடுவண் அரசு முடிவு செய்தது. அதன்பின் பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பெரிதும் பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் நடந்த வேலை சில நாள்களில் முடிந்தது.

வருவாய் பெருகியது, கழிவும் பெருகியது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் உப்பைத் தடவுவர்; ஆலையில் ஊறவைக்கும்போது அந்த உப்பின் பெரும்பகுதி நீரோடு வெளியேறும். குரோமியத்தையும் அழுக்கையும் வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம். கரைந்த உப்போ எளிதில் பிரியாது. அது மண்ணுக்குள் இறங்கிற்று. எந்த மணற்படுகை நன்னீரைச் சேமித்ததோ, அதே படுகை உப்பையும் சேமித்தது. மேட்டிலுள்ள ஆலையின் வாய்க்கால் பள்ளத்திலுள்ள கிணற்றை அடைய ஆற்றில் வெள்ளம் ஓட வேண்டியதில்லை, நிலத்தடியிலேயே வழியுண்டு. தென்னை கருகியது, நெல் விளைந்த வயல் தரிசாயிற்று, குடத்தோடு நெடுந்தொலைவு நடப்பது பெண்களின் அன்றாடப் பாடாயிற்று.

சட்டம் இல்லாமலில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுதியாய் மாசுபடுத்தும் தொழில்களைத் தொடங்கக்கூடாதென 1989இல் மாநில அரசு ஆணையிட்டது. ஆணைகள் கோப்பில் இருந்தன. உப்பு கிணற்றில் இருந்தது.

குடிமக்கள் தட்டிய கதவு

இந்நிலையில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஐந்து ஆண்டுகளுக்குப்பின், 1996 ஆகஸ்டு 28 அன்று, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டதென அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. தீங்கு நேருமுன்னே காப்பது அரசின் கடமை, மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தரவேண்டும் ஆகிய இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கப் பணித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஏற்படவும் வழிவகுத்தது. இன்று இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர் எவரும் வேலூரின் பெயரைப் படிக்காமல் தேர்வெழுத இயலாது.

ஆனால் சட்டநூலில் கிடைத்த பெருமை கிணற்று நீரை இனிப்பாக்கிவிடவில்லை. ஆணையம் 2001இல் 186 ஊர்களில் பாதிக்கப்பட்ட 29,193 பேரை இனங்கண்டு, 547 ஆலைகள் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென வரையறுத்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. விளைநிலத்தை இழந்தவனுக்கு அது எத்தனை நாள் சோறு போடும்? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத முறையும் பின்னர் கட்டாயமாயிற்று. பிரித்தெடுத்த உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கலாய் வந்து நின்றது. 2015 சனவரி 31ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின், இராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மடிந்தனர். தூய்மைப்படுத்தும் பணியே ஏழைகளின் உயிரைக் குடித்தது.

அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்றும், அதை ஏழைகளுக்கு மறுப்பது அவர்களது வாழ்வுரிமையையே மறுப்பதாகும் என்றும் எடுத்துரைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2025 சனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் மீண்டும் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசே ஆறு வாரங்களுக்குள் வழங்கி, பின்னர் மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கவேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமையவேண்டும் என்றும் அது பணித்தது. வழக்குத் தொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது முப்பத்து மூன்று கடந்திருக்கும்.

துண்டாடப்பட்ட ஆறு

இத்தனை தாமதம் ஏன்? ஆற்றுக்கு ஒரே உடல். அதை ஆள்வோரோ பலர். மூன்று மாநிலங்கள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், காட்பாடி வேலூரிலும், வாலாசா இராணிப்பேட்டையிலும் அமைந்தன. மணல் ஒரு துறை, பாசனம் ஒரு துறை, மாசு ஒரு துறை, குடிநீர் மற்றொரு துறை. மாநிலங்களுக்கிடை ஆறுகளுக்கு வாரியங்கள் அமைக்க 1956இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் ஒரு வாரியமும் இதுவரை அமையவில்லை. பாலாற்றங்கரை மக்களுக்கு இன்று மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்து தருகிறோம். தாகத்திற்கு அது உதவுகிறது. ஆற்றின் நோய்க்கு அது மருந்தாகாது.

பிற நாடுகளிலும் இந்நோய் இருந்தது. பிரான்சு 1964இல் ஆற்றுப் படுகைகளை அடிப்படையாகக் கொண்டு நாட்டை ஆறு நீர்ப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரைப் பயன்படுத்துவோரும் உள்ளாட்சிகளும் அரசும் ஒன்றாய் அமரும் குழுக்களை ஏற்படுத்தியது. 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கருகே ஓர் இரசாயனக் கிடங்கு தீப்பற்றி, நஞ்சு கலந்து இரைன் ஆற்றின் மீன்கள் செத்து மிதந்தன. கரையோர நாடுகள் மறு ஆண்டே ஒரு செயல்திட்டம் வகுத்தன. சாமன் என்னும் மீன் மீண்டும் ஆற்றுக்கு வரவேண்டும் என்பதே குறிக்கோள்; அது வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் இம்முறையைப் பொதுச்சட்டமாக்கி, திட்டம் வகுக்கையில் மக்களின் கருத்தைக் கேட்பதையும் கட்டாயமாக்கிற்று. நம் ஏரி வாரியத்தின் அறம் வேற்று மொழியில் அங்கே பேசுகிறது எனலாம். நமக்கும் பாலாற்றுப் படுகைக்கென ஓர் அவை வேண்டும். உழவரும், ஆலை உரிமையாளரும், தொழிலாளரும், நகராட்சிகளும், குடம் சுமக்கும் பெண்களும் அதில் ஒருசேர அமரவேண்டும்.

எசேக்கியேல் இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் கொழுத்த ஆடுகளிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: தெளிந்த நீரைக் குடித்தபின் எஞ்சியதைக் காலால் கலக்கி, மெலிந்த ஆடுகளைக் கலங்கல் குடிக்கச் செய்வது முறையா? மேட்டிலும் பள்ளத்திலும் வாழ்வோரின் வழக்கு அதில் அடங்கியிருக்கிறது. அதே விவிலியம் மற்றொன்றையும் சொல்கிறது. யோப்பாவில் திருத்தூதர் பேதுரு பல நாள் தங்கியது கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். தீட்டென்று பலரும் ஒதுக்கிய தொழில் அது. அந்த வீட்டு மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதை எவரும் தீட்டெனக் கருதலாகாது என்ற காட்சி அவருக்குக் கிடைத்தது. ஆகவே தோல் தொழிலாளியைத் தள்ளிவைத்துவிட்டு ஆற்றைக் காப்பது நமக்கு வழியாகாது. அவன் பிள்ளையும் அதே கிணற்றில்தான் குடிக்கிறது.

ஆண்டுதோறும் மார்ச் 22, உலக நீர் நாள். அன்று தமிழகத்தில் கிராம சபை கூடும். பெரும்பாலும் அது நம் தவக்காலத்தில் வருகிறது. நம் பங்கின் அன்பியங்கள் தத்தம் ஊர்க் கிணற்று நீரைச் சோதித்து, அதன் அளவுகளைத் தாளில் எழுதி, அச்சபையில் படிக்கட்டும். கணக்குக் கேட்பதும் கணக்குக் காட்டுவதும் இம்மண்ணின் பழைய வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடவோலைக்குள் பெயர் இடம்பெறாத ஏழையின் மக்கள், இம்முறை அந்தக் கணக்கைத் தம் வாயாலேயே வாசிக்கட்டும்.