கேஸ் ஷீட்டில் எழுதாத ஹிஸ்டரி

1/
டாக்டர்கள் நாங்க தினமும் 'ஹிஸ்டரி' எடுக்கிறோம். "என்னம்மா பண்ணுது? எத்தனை நாளா?" அதுதான் எங்களுக்கு ஹிஸ்டரி. இன்னைக்கு எழுதப்போறது கொஞ்சம் வேற. மூணு பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி வெச்சிருக்காங்க. அதைப் பத்தின பதிவு. நீளமானது, பொறுமையா படிங்க.

2/
முதல்ல என் தப்பு ஒண்ணைச் சொல்லிடுறேன். எம்பிபிஎஸ் முடிச்ச புதுசு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. காலை ஓபி-யில் கூட்டம் வாசல் தாண்டி நிக்கும். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து உட்கார்ந்தாங்க. "மூலம் சார். ரத்தம் போகுது."

3/
நோயின் பெயரை அவங்களே சொல்லிட்டாங்க. நானும் அதையே சீட்டில் எழுதி, மாத்திரையும் ஆயின்மென்ட்டும் கொடுத்து அனுப்பினேன். பரிசோதிக்கல. எழுந்து போனவங்க கதவுகிட்ட ஒரு நொடி நின்னு, "இன்னொண்ணு சார்..."ன்னு இழுத்தாங்க. நான் அதுக்குள்ள அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுட்டேன்.

4/
ஏழு மாசம் கழிச்சு, வேற ஒருத்தரைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனப்போ, வார்டில் அவங்களைப் பார்த்தேன். மலக்குடல் புற்றுநோய். கல்லீரலுக்குப் பரவியிருந்தது. "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்கம்மா?"ன்னு கேட்டேன். "போயிட்டு வந்தாலும் இன்னும் உள்ள இருக்கற மாதிரியே இருக்கும் சார். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

5/
அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தா நான் பரிசோதிச்சிருப்பேன். கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்கிற பரிசோதனை, ரெண்டே நிமிஷம். அதுக்குப் பிறகுதான், மக்கள் தங்கள் உடம்பைப் பத்தி, வாழ்க்கையைப் பத்தி, தாங்களே முழுசா எழுதினதைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதில் மூணு. காலவரிசைப்படி சொல்றேன்.

6/
முதல் கதை பாரிஸில் நடக்குது. ஃபேனி பர்னி, 1752-ல் பிறந்த ஆங்கில நாவலாசிரியை. பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒருத்தரைக் கல்யாணம் பண்ணி, 1802-ல் பிரான்ஸுக்குப் போனவர், நெப்போலியன் போர்களால அங்கேயே மாட்டிக்கிட்டார். 1810-ல் வலது மார்பில் வலி. கட்டி பெருசாகுது. ஆபரேஷன்தான் வழின்னு டாக்டர்கள் முடிவு பண்றாங்க.

7/
தேதி: 1811 செப்டம்பர் 30. மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்துப் பொதுமேடையில் வெற்றிகரமா ஆபரேஷன் செஞ்சு காட்டினது 1846-ல்தான், அதாவது 35 வருஷம் கழிச்சு. இவருக்குக் கொடுத்தது ஒரு கோப்பை மது கலந்த பானம். ஆபரேஷன் நடந்தது அவர் வீட்டிலேயே. முன்னறிவிப்பு ரெண்டு மணி நேரம். கணவர் பக்கத்தில் இருந்து இதைப் பார்க்கக்கூடாதுன்னு, அவருக்கே தெரியாம வெளிய அனுப்பி வெச்சார்.

8/
கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் அறைக்குள்ள வர்றாங்க. கத்தி பிடிக்கிறவர் லாரே, நெப்போலியனோட புகழ்பெற்ற ராணுவ சர்ஜன். முகத்து மேல ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போடுறாங்க. ஆனா துணி ரொம்ப மெல்லிசு, எல்லாம் தெரியுது. ஒரு கை காத்துல நேர்கோடு, சிலுவை, வட்டம்னு வரைஞ்சு காட்டுது. முழு மார்பையும் எடுக்கப்போறாங்கன்னு அந்தச் சைகையைப் பார்த்துத்தான் அவருக்கே புரியுது.

9/
ஆபரேஷன் 20 நிமிஷம். வலியை அவர் எழுதியிருக்கிற விதத்தை நான் இங்க விவரிக்கப் போறதில்லை. மனசு தைரியம் இருக்கறவங்க தேடிப் படிங்க. எனக்கு மறக்காத இடம் கடைசியில் வருது. எல்லாம் முடிஞ்சு தூக்கிட்டுப் போறப்போ கண்ணைத் திறந்து பார்க்கிறார். லாரேவோட முகம் வெளிறி, ரத்தத் தெறிப்போட, பயமும் துக்கமுமா இருக்கு. போர்க்களத்தில் எண்ணிக்கையில்லாத கை கால்களை வெட்டின சர்ஜன் அவர். அந்த முகத்தை எந்த ஆபரேஷன் குறிப்பும் எழுதி வைக்காது.

10/
தன் அக்கா எஸ்தருக்குக் கடிதமா இதை எழுதினார். மாசக்கணக்கில் அவரால் அதைப் பத்திப் பேசக்கூட முடியல. எழுத ஆரம்பிச்சா தலைவலி வந்துடும். 1812 மார்ச்சில் தொடங்கி ஜூனில்தான் முடிச்சார். எழுதினதைத் திருப்பிப் படிக்கவும் துணிவு இல்ல. இன்னைக்கு நாங்க பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன பாதிப்புன்னு சொல்றதை 200 வருஷம் முன்னாடியே ஒருத்தர் தன்னைத்தானே கவனிச்சு எழுதியிருக்கார். அவர் இறந்தது 1840-ல், 87 வயசில். ஆபரேஷனுக்குப் பிறகு 28 வருஷத்துக்கு மேல வாழ்ந்தார்.

11/
ரெண்டாவது கதை வங்காளத்தில். இந்த முறை எழுதினது நோயாளி இல்ல, டாக்டர். பெயர் ஹேமாவதி சென். 1866 வாக்கில் பிறந்தவர். பத்து வயசுகூட ஆகாதப்போ, 45 வயசுக்காரர் ஒருத்தருக்குக் கட்டிக் கொடுத்தாங்க. கொஞ்ச காலத்திலேயே கணவர் செத்துப் போறார். அந்தக் காலத்து வங்காளத்தில் குழந்தை விதவைன்னா அதோட வாழ்க்கை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

12/
இவர் முடிச்சுக்கல. காசிக்குப் போறார், கல்கத்தாவுக்கு வர்றார், மறுமணம் செஞ்சுக்கிறார், கேம்ப்பெல் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்து படிக்கிறார். 1894-ல் இறுதித் தேர்வில் முதலிடம். தங்கப் பதக்கம் ஒரு பெண்ணுக்குப் போறதான்னு ஆண் மாணவர்கள் ஸ்டிரைக் பண்றாங்க. கடைசியில் அவருக்குக் கிடைச்சது வெள்ளிப் பதக்கமும் உதவித்தொகையும். அவரும் ஒத்துக்கிட்டார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

13/
பிறகு ஹூக்ளி பக்கம், சின்சுராவில் இருந்த டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் பல வருஷம் வேலை. பகல் முழுக்க ஆஸ்பத்திரி, இடையில் வீட்டு சமையல், பிரசவம் பார்க்க ராத்திரிப் பயணம். சம்பாத்தியம் போறது கணவர் கைக்கு. மேலதிகாரியா இருந்த ஆண் டாக்டர் கொடுத்த தொல்லை தனி. இதுக்கு நடுவில் நூத்துக்கணக்கான அநாதைக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார்.

14/
1920-களில் உட்கார்ந்து இதையெல்லாம் வங்க மொழியில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். 1933-ல் காலமானார். அந்தக் கையெழுத்துப் பிரதி குடும்பத்தில் அப்படியே கிடந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பாப் புத்தக வடிவில் வந்தது 2000-த்தில்! அறுபது வருஷத்துக்கு மேல அதைப் படிக்க ஆள் இல்ல. அந்த நோட்டை யாராவது பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டிருந்தா? கல்லூரிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஒரு பதக்கமும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

15/
மூணாவது நம்ம ஊர்க் கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886, புதுக்கோட்டை. பெயர் எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் நாலு வரி படிச்சிருப்போம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம், 1927-ல் சட்டமன்றத் துணைத்தலைவர், தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம். 1964-ல் அவருடைய ஆங்கில சுயசரிதை வெளிவந்தது. அப்போ அவருக்கு வயசு எழுபதைத் தாண்டி பல வருஷம்.

16/
நான் நின்னு போன இடம் அவர் தங்கை சுந்தராம்பாள் கதை. தங்கைக்கு வயிற்றுத் தொந்தரவு. சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் நடந்தது. பல மாசம். கடைசியில் தெரிஞ்சது மலக்குடல் புற்றுநோய்னு. அதுக்குள்ள காலம் கடந்து போச்சு. 1920-களின் தொடக்கத்தில் தங்கை போயிட்டார்.

17/
வீட்டிலேயே டாக்டர். அதுவும் சாதாரண டாக்டர் இல்ல. சென்னையின் பெரிய மருத்துவர்களைக் கூப்பிட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருந்தவர். அந்த வீட்டிலேயே இது தப்பிப் போச்சு. இதைப் படிச்சப்போ என் ஓபி-யில் கதவுகிட்ட நின்ன அந்த அம்மா ஞாபகம்தான் வந்தது. புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் திரும்ப எடுக்க முடிஞ்சது.

18/
முத்துலட்சுமி அந்தத் துக்கத்தை விடவே இல்ல. புற்றுநோய்க்குன்னு ஒரு மருத்துவமனை வேணும்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தார். புற்றுநோய் வந்தா எப்படியும் சாகத்தானே போறாங்க, எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேட்ட காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் மூலமா நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோட தொடங்கியது. தங்கை இறந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு.

19/
அடையாறு மருத்துவமனை எப்போ கட்டினாங்க, யார் அடிக்கல் நாட்டினாங்கன்னு எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் கிடைக்கும். ஏன் கட்டினாங்க? அதுக்கு நீங்க ஒரு அக்காவின் துக்கத்தைப் படிக்கணும். சுயசரிதை தர்ற வரலாறு இதுதான். சொல்றவங்க தங்களுக்குச் சாதகமா கொஞ்சம் கூட்டிக் குறைச்சுச் சொல்லலாம். நோயாளிகளும் அப்படித்தான் சொல்றாங்க. அதுக்காக ஹிஸ்டரி எடுக்காம விட்டுடுறோமா? கேட்டுட்டு, அப்புறம் பரிசோதிச்சுப் பார்க்கிறோம்.

20/
இன்னொண்ணு கவனிச்சீங்களா? மூணு பேருக்கும் எழுதறது சுலபமா இல்ல. ஒருத்தருக்குத் தலைவலி. ஒருத்தர் எழுதினதை வெளியிட ஆள் இல்ல. ஒருத்தருக்கு அதுவரை நேரமே இல்ல. அந்த அம்மா "வெக்கமா இருந்துச்சு"ன்னு சொன்னதும் இதே வகைதான். சொல்ல ஒருத்தர் தயங்கி நிக்கிறப்போ, கேட்கிற ஆள் அவசரப்பட்டா கதை அங்கேயே முடிஞ்சிடும்.

21/
டாக்டரா ஒரு விஷயம் சொல்லாம முடிக்க முடியாது. மலத்தில் ரத்தம் போறது எல்லாமே மூலம் இல்ல. வாரக்கணக்கில் ரத்தம், வழக்கமான மலப்பழக்கத்தில் மாற்றம், போயிட்டு வந்தும் இன்னும் இருக்கற உணர்வு, காரணமில்லாம எடை குறையறது. இதில் ஏதாவது இருந்தா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவர் பரிசோதிக்காம மாத்திரை எழுதினா, "பரிசோதிச்சுப் பாருங்க டாக்டர்"னு நீங்களே கேளுங்க. எங்களுக்குக் கோபம் வந்தா வரட்டும். சீக்கிரம் கண்டுபிடிச்சா குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிற நோய் இது.

22/
எதிலிருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டா, முத்துலட்சுமி ரெட்டியிடமிருந்து ஆரம்பிங்க. ஹேமாவதியை அடுத்து எடுங்க. பர்னியோட கடிதத்தை ராத்திரி தூங்கப் போகும்முன் படிக்காதீங்க.

23/
அப்புறம் உங்க வீட்டுப் பாட்டிகிட்ட, அம்மாகிட்ட ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்க. எழுத வராதவங்கன்னா போனில் பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. "என் கதையில் என்னப்பா இருக்கு"ன்னுதான் முதல்ல சொல்வாங்க. விடாதீங்க.

24/
அந்த அம்மா அடுத்த நாலு மாசத்தில் இறந்துட்டாங்க. அவங்க எதையும் எழுதி வைக்கல. நான்தான் இங்க எழுதறேன். இப்பவும் என் ஓபி-யில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல. ஆனா நோயாளி எழுந்து கதவுகிட்ட போனதும் நான் அடுத்த பெயரைக் கூப்பிடறதில்லை. "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"ன்னு கேட்டுட்டுக் கொஞ்சம் இருக்கேன். சில பேர் திரும்பி வந்து உட்கார்றாங்க.