எதிரிடை அனுபோகப் பாத்தியதை

அயலாரின் நிலத்தைப் பகிரங்கமாகவும் இடையறாமலும் ஒருவன் தனதென்றே அனுபவித்து வர, 12 ஆண்டுகளுக்குள், அரசு நிலமாயின் 30 ஆண்டுகளுக்குள், வழக்குத் தொடராத சொந்தக்காரரின் பாத்தியதை 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி அற்றுப்போகும் விதி இது. சாட்சிகள் மறைந்து பத்திரங்கள் செல்லரித்தபின் பழைய வியாஜ்யங்கள் கிளம்பலாகாது, நிலம் கேட்பாரற்றுக் கிடக்கலாகாது என்பன இதன் பொதுநல நியாயங்கள், முன்னதே வலியது. ராயபுரம், எண்ணூர்ப் புறம்போக்குகளில் தலைமுறைகளாக வாழும் எளியோர்க்கு இது எளிதில் துணைவராமை வருந்தத்தக்கது. நெடுங்கால வாசம் மட்டும் போதாது, உரிமையாளருக்கு விரோதமான அனுபோகமென்று நிரூபித்தாக வேண்டும். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் முதலியவற்றின் நிலங்களுக்கோ 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு காப்பு. 2008-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியைக் கண்டித்து மறுபரிசீலனை கோரியது. 2023-இல் இந்தியச் சட்ட ஆணையமோ மாற்றம் வேண்டாவென்றது.