சபக்கம், விபக்கம், ஒரு புரதம்

ஆலய மலருக்கு ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையையும் நம் முன்னோர் எழுப்பிய கோயில்களையும் பற்றி எழுத என்னிலும் தக்கவர்கள் இருக்கிறார்கள். அவற்றை அவர்களுக்கே விட்டேன். ஒரு புரதம் 'இருக்கிறது' என்று சொல்ல எங்கள் கூடத்தில் கடைப்பிடிக்கும் ஒழுங்கும், சைவ சித்தாந்தத்தின் அளவை நெறியும் ஒன்றையொன்று எப்படி விளக்குகின்றன என்பதே என் பொருள். மேலைநாட்டார் கண்டதெல்லாம் நம் ஏட்டில் முன்பே இருந்தது என்று மேடையில் முழங்கும் கூட்டத்தில் நான் சேர்ந்தவன் அல்லன். இது வேறு.

மெய்கண்டாரின் மாணாக்கர் அருள்நந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை அருளினார். இறைவனைப் பற்றிப் பேசுமுன், எதையும் எப்படி அறிவது என்று அளவைப் பகுதியில் வரையறுத்துக்கொள்கிறார். அளவை ஆறு என்பாரும் பத்து என்பாரும் உண்டு. எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிபு. காண்டலிலும் ஐயம் உண்டு, திரிபு உண்டு. கருதலுக்கோ மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மலையில் புகை தெரிகிறது. அங்கே தீ உண்டு என்கிறோம். மலை, பக்கம். தீயும் புகையும் சேர்ந்திருப்பதை முன்பே கண்ட மடைப்பள்ளி, சபக்கம். தீ இல்லவே இல்லை என்று உறுதியான நீர்நிலை, விபக்கம். மடைப்பள்ளியில் புகை இருக்க வேண்டும். நீர்நிலையில் இருக்கக் கூடாது. இரண்டும் சரியானால்தான் மலையைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையிலும் இந்த வழக்கு பௌத்தர் வாய்மொழியாக வருகிறது. இரு சமயத்து ஆசிரியர்களும் தங்களுக்குள் எவ்வளவு வாதிட்டாலும் வாதத்தின் விதியில் ஒத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமை.

இனி அந்தப் புரதம்.

1896இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், மார்பகப் புற்று முற்றிய பெண்களின் சினைப்பைகளை அகற்றியதை வெளியிட்டார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஏன் சிலருக்கு மட்டும்? விடைக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிகாகோவில் எல்வுட் ஜென்சன், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ரடயாலில் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றி, அதை எலிகளுக்குச் செலுத்தி, கருப்பை அதைப் பிடித்துவைத்துக்கொள்வதைக் கண்டார். 1958இல் வியன்னா மாநாட்டில் அவர் அதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அப்படிப் பிடித்துவைக்கும் புரதமே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. அது 595 அமினோ அமிலங்கள் கொண்டது. எடை ஏறக்குறைய 66 கிலோடால்டன். கட்டியில் அது இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மருந்து பயன் தரும்; இல்லையென்றால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டதுதான்.

அதைத் தேடும் முறைகளில் ஒன்று வெஸ்டர்ன் பிளாட். திசுவைப் பனிக்கட்டியின்மேல் வைத்தே அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லின் சொந்த நொதிகளே புரதத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு குழிக்கும் 30 மைக்ரோகிராம் போல ஒரே அளவு புரதம். எஸ்.டி.எஸ். என்னும் சோப்பு வகைப் பொருளோடு சூடாக்கினால் புரதம் மடிப்பு அவிழ்ந்து எதிர்மின்னேற்றம் பெறும். மின்சாரம் பாய்ந்ததும் சிறியவை முந்தும், பெரியவை பின்தங்கும். லேம்லி 1970இல் செம்மைப்படுத்திய வழி இது. பிறகு ஜெல்லிலிருந்து மெல்லிய சவ்வுக்கு அப்படியே மாற்றுவது. 1979இல் பாசெல் நகரின் டௌபினும் தோழர்களும் காட்டியது. அதற்குப் பெயர் வைத்தவர் சியாட்டிலின் பர்னெட், 1981இல். சவ்வில் வெற்றிடம் இருந்தால் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டும். ஆகவே 5 விழுக்காடு பால்மாவுக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைப்போம். ஆம், கடையில் வாங்கும் கொழுப்பு நீக்கிய பால்மாவுதான். பின் ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருளோடு 4 பாகையில் ஓர் இரவு, கழுவல், இரண்டாம் எதிர்ப்பொருள், ஒளிரும் கரைசல். 66 என்னும் இடத்தில் ஒரு கரும்பட்டை எழும்.

பட்டை எழுந்ததும் கைதட்டும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது புகைதான், தீ இன்னும் மெய்ப்படவில்லை. பக்கத்துக் குழிகளில் எம்.சி.எஃப்.-7 செல்களின் சாறும், எம்.டி.ஏ.-எம்.பி.-231 செல்களின் சாறும் ஓடியிருக்க வேண்டும். முன்னது அமெரிக்கக் கன்னியாஸ்திரி ஒருவரின் மார்பகப் புற்றுச் செல்களிலிருந்து வந்து, உலகெங்கும் கூடங்களில் இன்றும் வளர்வது, ஏற்பி நிறைந்தது. அது சபக்கம். பின்னதில் அந்த ஏற்பி இல்லை, அது விபக்கம். விபக்கத்திலும் பட்டை எழுந்தால் நாம் கண்டது புகையன்று, மூடுபனி.

பட்டை எழாவிட்டால்? இன்மையை அறிவதை அநுபலத்தி என்பர் அளவை நூலார். இருந்தால் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் தெரியாமையே இன்மைக்குச் சான்று. குழியில் புரதமே ஏறாமல் போயிருந்தால் அந்தத் தெரியாமைக்கு மதிப்பில்லை. அதனால்தான் எல்லாச் செல்லிலும் உள்ள ஆக்டினை, 42 கிலோடால்டனில், அதே சவ்வில் காட்டச் சொல்கிறோம்.

இந்த விதியை மறந்தால் நேர்வது என்ன? 1996இல் இரண்டாம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியான பீட்டா கண்டுபிடிக்கப்பட்டது. அது மார்பகத்தில் உண்டு என்று கட்டுரைகள் குவிந்தன. 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் 13 எதிர்ப்பொருள்களைச் சோதித்தனர். எல்லா முறையிலும் நம்பத்தக்கதாகத் தேறியது ஒன்றே. அதைக் கொண்டு பார்த்தபோது மார்பகத் திசுவில் பீட்டா தென்படவில்லை. இருபதாண்டு உழைப்பில் பெரும்பகுதி நீர்நிலையைச் சோதிக்காமல் மலையைப் பற்றி எழுதியது!

இந்த ஒழுங்கு நம் ஊருக்குப் புதிதன்று. சயாம் தீட்டரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மாண்டபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர் தப்பினர் என்பதை நெகிரி செம்பிலானில் மருத்துவர் பிராடன் கவனித்தார். 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் ஃபிளெட்சர், ஒரு பாதியினருக்குத் தீட்டரிசியும் மறுபாதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் முன்னவரிடையே பரவியது. 1900இல் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அதைத் தொடர்ந்து, தவிட்டோடு நீங்கும் ஒரு சத்தின் குறையே காரணம் என்று நிறுவினர். அக்கழகம் நெடுங்காலம் இயங்கிய ஜாலான் பகாங், செந்தூலுக்கு அடுத்த தெருவே போல. நம் பாட்டிகளின் புழுங்கற்சோறு உலக மருத்துவத்துக்கு விபக்கமாக நின்றது.

மருத்துவமனையில் இந்த ஏற்பியைத் திசுச் சீவலில் நிறமேற்றிப் பார்ப்பதே வழக்கம். அரைத்த திசுவில் எந்தச் செல்லில் இருந்தது என்பது தெரியாது அல்லவா? வெஸ்டர்ன் பிளாட் ஆய்வாளருக்குரியது. ஆனால் முடிவு எல்லார்க்கும் உரியது. 2012 முதல் 2016 வரையிலான மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மார்பகப் புற்றுடையோரில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவரிடம் வந்தனர். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயை நாடி அதன் முதலை நாடச் சொன்னார்; நாம் நாடவே தாமதிக்கிறோம். தாய்மார்களே, மார்பில் கட்டி தென்பட்டால் விரதம் முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளாதீர்கள். திசுச் சோதனை அறிக்கை வந்ததும் ஈ.ஆர். (நாம் கண்ட ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று வரிகளையும் காட்டி, இவை என்ன சொல்கின்றன என்று மருத்துவரைக் கேளுங்கள். பெண்ணை மருத்துவம் படிக்க மட்டுமன்றி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றவும் அனுப்பும் பெற்றோர் செந்தூலில் பெருக வேண்டும். அவளுக்குச் சித்தியாரின் அளவைப் பகுதியைச் சொல்லித்தர ஆலயத்தில் ஒரு வகுப்பை ஏற்படுத்தும்படி நிர்வாகத்தாரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.